கடை தெரிந்தால் போதாது, நேரமும் தெரிய வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளியூரிலிருந்து திருகோணமலைக்கு வரும் சொந்தக்காரர், கூட்டாளிமார் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "நல்ல சாப்பாட்டுக் கடை எது? பின்னேரம் எங்கே போய் இருக்கலாம்?" நான் கடையின் பெயரைச் சொல்வதற்கு முன்னால், "எத்தனை மணிக்குப் போகப் போகிறீர்கள்?" என்று கேட்பேன். நம்முடைய ஊரில் சின்னக் கடைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்துக்குப் போனால் அந்தக் கடைக்காரரை நீங்கள் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டீர்கள். மூன்று மணித்தியாலம் பிந்திப் போனால், "இதற்கா இவ்வளவு புகழ்ந்தார்?" என்று என்னைத்தான் ஏசுவீர்கள். எனக்கு இதைப் பற்றிக் கதைக்க நெடுநாள் ஆசை. வானொலி நிலையத்தார் இன்று நேரம் ஒதுக்கித் தந்திருக்கிறார்கள்.

காலையிலிருந்து தொடங்குகிறேன். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வருகிறவர்கள் விடியப்புறம் இறங்குவார்கள். அந்த நேரத்தில் கடைகளில் இடியப்பம் ஆவி பறக்கத் தட்டிலிருந்து கழன்றுகொண்டிருக்கும். சொதியும் அப்போதுதான் இறக்கியதாக இருக்கும், தேங்காய்ப்பால் இன்னும் திரண்டிருக்காது. ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். ஒன்பது மணிக்கு அதே இடியப்பத்தின் ஓரம் காய்ந்து, தொட்டவுடன் நூல் நூலாக உடையும். கடைக்காரர் மேல் பிழை இல்லை. இடியப்பத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

பிறகு பத்து மணித் தேத்தண்ணி. நம் நாட்டுத் தேத்தண்ணிக் கடைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது, உங்கள் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் போய் அமர்ந்தவுடன் ஒரு தட்டில் வடை, ரோல்ஸ், பட்டிஸ், கட்லட் எல்லாம் அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். எடுத்துத் தின்றதற்கு மட்டும் காசு. நல்ல வழக்கம், உபசரிப்பான வழக்கம். ஆனால் அந்தத் தட்டு உங்களுக்கு முன்னால் எத்தனை மேசை சுற்றி வந்தது என்று யாருக்குத் தெரியும்? அதனால் நான் தட்டைத் தொடுவதில்லை. "தம்பி, எண்ணெயிலிருந்து இப்ப எது வருது?" என்று கேட்பேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பருப்பு வடை, ஐயா, அஞ்சு நிமிஷம்" என்பான். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்துப் பாருங்கள். வடையைப் பிய்க்கும்போது உள்ளேயிருந்து பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் மணக்கும். அதோடு இஞ்சி போட்ட பிளேன்டீ. 2022இல் பால்மா கிடைக்காமல் நாடே பிளேன்டீக்கு மாறியதே, அப்போது பழகிய பலர் இன்னும் பால் தேத்தண்ணிக்குத் திரும்பவில்லை. நானும் அதில் ஒருவன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரே கேள்வி போதும்: "அண்ணை, இண்டைக்கு என்ன மீன்?" பதில் உடனே வர வேண்டும். பாரை என்றோ, விளைமீன் என்றோ, இன்றைக்கு சூரைதான் என்றோ சொல்ல வேண்டும். "எல்லா மீனும் இருக்கு" என்று சொன்னால் அது பெட்டியில் கிடந்த மீன், நான் எழும்பிவிடுவேன். கடல் ஒரு நாளைக்கு எல்லா மீனும் தராது. வாடைக் காலத்தில், நவம்பர் டிசம்பரில் கடல் அடிக்கும்போது வள்ளம் இறங்காத நாட்களில் நல்ல கடைக்காரர் மீன் இல்லை என்று துணிந்து சொல்லிவிட்டுக் கருவாட்டுக் குழம்பு வைப்பார். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும் நாட்டரிசிச் சோறும். மழை பெய்யும் மத்தியானத்துக்கு அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மட்டும் கணக்கு மாறும். சைவ வீடுகளில் அன்று மச்சம் இல்லை, முஸ்லிம் கடைகள் ஜும்மாவுக்காகப் பூட்டியிருக்கும். ஊர்ச் சனம் முழுக்க ஒரே நேரத்தில் சைவக் கடைகளில் நிற்கும். பன்னிரண்டு மணிக்கு முன்னால் போனால் வாழைக்காய்ப் பொரியல் கிடைக்கும். ஒரு மணிக்குப் போனால் பருப்பும் சொதியும்தான்.

சரி, பின்னேரத்துக்கு வருவோம். நமக்குக் கடவுள் கொடுத்த ஒரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. இந்த நகரம் இரண்டு கடலுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. டச் பே கடற்கரை கிழக்குப் பார்த்தது. உட்துறைமுக வீதிப் பக்கம் மேற்குப் பார்த்தது. அதாவது, டச் பேயில் நின்றுகொண்டு சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கலாம் என்று வெளியூர்க்காரர் வந்து காத்திருந்தால், சூரியன் அவர்களுடைய முதுகுப் பக்கம் மறையும். உள்ளூர்க்காரர் செய்ய வேண்டியது இதுதான். ஐந்தரை மணிக்கு உட்துறைமுக வீதியில் மதிலோரமாக இருங்கள். துறைமுகத் தண்ணீர் அசையாமல் கிடக்கும், எதிர்க்கரைக்குப் பின்னால் சூரியன் இறங்கும். இறங்கியவுடன் நகரத்தைக் குறுக்கே கடந்து டச் பேக்கு நடந்து வாருங்கள். தூரம் ஒன்றும் பெரிதில்லை, போகிற வழியில் ஒரு சுருள் கச்சான் வாங்கிக்கொள்ளலாம். அன்றைக்குப் போயா தினமாக இருந்தால் நீங்கள் வந்து சேரும்போது முழுநிலவு கடலுக்கு மேலே ஏறியிருக்கும். இந்த நாட்டில் எத்தனை நகரத்தில் இப்படி ஒரு சின்ன நடையில் சூரியனை ஒரு கடலில் அனுப்பிவிட்டு நிலவை இன்னொரு கடலில் வரவேற்கலாம்? செலவு கச்சானுக்கு மட்டும்.

டச் பே என்று சொன்னவுடன் மான்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் புள்ளிமான்கள் மாடு மாதிரி சாதாரணமாகத் திரிகின்றன. பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பொழுதுபோக்கு இல்லை. ஆனால் நாங்கள் கொத்தும் சோறும் கட்டிக்கொண்டுபோய்ச் சாப்பிட்டுவிட்டு எறிகிற தாள் இருக்கிறதே, அதில் குழம்பும் உப்பும் ஒட்டியிருக்கும். மான் தாளோடு சேர்த்துத் தின்கிறது. செத்த மான்களின் வயிற்றிலிருந்து பொலித்தீன் எடுத்ததை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். பொலித்தீன் லஞ்ச் சீற்றை 2017இலேயே தடை செய்துவிட்டார்கள். தடை வந்தும் கடற்கரையில் தாள் குறையவில்லை. தயவுசெய்து, சாப்பிட்ட தாளைச் சுருட்டி வந்த பையிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பாண் துண்டு போடுவதையும் நிறுத்துங்கள். இதை நான் இன்னொரு தடவையும் சொல்கிறேன்: தாளைக் கடற்கரையில் விடாதீர்கள்.

இப்போது இரவு. இரவு என்றால் கொத்து.

கொத்து ரொட்டி கிழக்கு மாகாணத்தில்தான் பிறந்தது என்று சொல்வார்கள். மட்டக்களப்பார் தங்களுடையது என்பார்கள், நாங்களும் விட்டுக்கொடுக்க மாட்டோம். எங்கே பிறந்திருந்தாலும், கொத்தைப் பற்றி ஒரு பிழையான எண்ணம் ஊரில் பரவிக் கிடக்கிறது. சத்தம் கூடிய கடைதான் நல்ல கடை என்று நினைக்கிறார்கள். வீதியில் போகும்போது அந்தத் தகட்டுச் சத்தம் தாளம் போட்டுக் கூப்பிடும், கால் தானாகத் திரும்பும். எனக்கும் திரும்பும். ஆனால் இத்தனை காலமாகச் சாப்பிட்டுப் பார்த்ததில் எனக்கு விளங்கியது நேர்மாறானது. சத்தம் குறைந்த கடையில்தான் கொத்து நன்றாக இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். கொத்தில் ரொட்டி துண்டு துண்டாகத் தெரிய வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பக்கம் மெதுமை, ஒரு பக்கம் கல்லில் பட்ட மொறுமொறுப்பு. தாளத்துக்காகத் தட்டிக்கொண்டே இருந்தால் எல்லாம் நசிந்து ஒன்றாகிக் களியாகிவிடும். ஒரு கடையில் வயதான நானா ஒருவர் கொத்துவதை அடுத்து நின்று பார்த்திருக்கிறேன். முதலில் வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை. அது வதங்கிய பிறகு கோவாவும் லீக்ஸும் கொஞ்சமாக. கோவா கூடினால் தண்ணீர் விடும், அவருக்கு அது தெரியும். அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு முட்டையை உடைத்து ஊற்றினார், கலக்கவில்லை, அடி பிடிக்கும்வரை விட்டார். பிறகுதான் ரொட்டி. கத்தரித்து வைத்த ரொட்டியைப் பரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கல் தன் வேலையைச் செய்யட்டும் என்று விட்டுவிட்டார். கடைசியில் இறைச்சியும் ஒரு கரண்டி ஆணமும், அதாவது குழம்பும். அதன் பிறகு பத்துப் பதினைந்து தட்டு, அவ்வளவுதான். மிச்ச ஆணத்தைத் தனியாகக் கிண்ணத்தில் தந்தார். பக்கத்துக் கடையில் அந்த நேரத்துக்குள் ஆயிரம் தட்டுத் தட்டியிருப்பார்கள்.

ரொட்டிக்கும் நேரம் உண்டு. பின்னேரம் போட்டு ஆறிய ரொட்டிதான் கொத்துக்கு ஏற்றது. சுடச்சுட வெட்டினால் ஒட்டும். முந்தின நாள் மிஞ்சியது என்றால் பல்லில் இழுபடும். அதனால் ஏழு மணிக்கும் எட்டரைக்கும் இடையில் போங்கள். பத்து மணிக்குக் கல்லில் கருகல் சேர்ந்து கசப்பு ஏறிவிடும். இன்னொன்று, வீட்டுக்கு எட்டுப் பேருக்குப் பார்சல் வேண்டுமென்றால் எட்டையும் ஒன்றாகப் போடச் சொல்லாதீர்கள். கல்லில் இடம் இல்லாமல் ரொட்டி அவிந்துதான் போகும். "இரண்டு இரண்டாகப் போடுங்கள், நான் நிற்கிறேன்" என்று சொல்லுங்கள். கடைக்காரருக்கும் மரியாதை, உங்களுக்கும் நல்ல சாப்பாடு. சீஸ் கொத்து, டொல்பின் கொத்து என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். டொல்பின் கொத்து என்றால் டொல்பின் இறைச்சி இல்லை, ரொட்டியைப் பெரிய துண்டாகப் போடுவது. அது நல்லதுதான், ரொட்டியின் உருவம் அதில் தெரிகிறது. சீஸ் போட்டால் ஆணத்தின் உறைப்பும் மணமும் அதற்குள் புதைந்துவிடும். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

கொத்து வேண்டாம் என்கிறவர்களுக்கு அப்பம். அடுப்பு பற்றவைத்து முதல் அரைமணித்தியாலம் போன பிறகு வரும் பால் அப்பமும் கட்டச் சம்பலும். அதைப் பற்றி இன்னொரு நாள்.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைக் கடைகளைப் பற்றியும் கேட்பீர்கள். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை அங்கே கலகலப்பு. பலகையில் பாஸ்தாவும் பீட்சாவும் பிரைட் ரைஸும் மேலிருந்து கீழ்வரை எழுதியிருப்பார்கள். வெளிநாட்டுக்காரருக்கு அது தேவை, அதில் நம் பிள்ளைகளுக்கு வேலையும் இருக்கிறது. ஆனால் அங்கே போனாலும் பலகையைப் பார்க்காமல் அன்றைய மீனைக் காட்டச் சொல்லுங்கள். மிளகும் தேசிக்காயும் தடவித் தணலில் சுட்ட பாரை ஒன்றை நான்கு பேர் பங்கிட்டால் விலையும் அவ்வளவு உறைக்காது. ஒரு கடையில் விலை கேட்காமல் சொல்லிவிட்டு, பில் வந்தபோது வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மீனை நிறுத்து, விலை சொன்ன பிறகே அடுப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், ஐந்து நிமிடம்கூட இல்லைப் போலிருக்கிறது. சரி, மிச்சத்தை ஓட்டமாகச் சொல்கிறேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு விடியற்காலையில் போங்கள். ஏழு கிணற்றுக்கும் ஏழு சூடு, கூட்டம் வந்த பிறகு வாளி கிடைக்காது. சவர்க்காரம் கொண்டுபோகாதீர்கள். புறாத்தீவுக்கும் காலையிலேயே நிலாவெளியில் படகேறுங்கள். 2003இலிருந்து அது தேசிய பூங்கா, பவளப்பாறையில் கால் வைக்கக் கூடாது, பிள்ளைகளுக்குப் படகில் ஏறும் முன்பே சொல்லிக்கொடுங்கள். மக்கெய்சர் மைதானத்தில் பின்னேர உதைபந்தாட்டம் நடந்தால் தவறவிடாதீர்கள்.

கடைசியாகக் கிண்ணியாத் தயிர். ஒரு காலத்தில் பாதை என்கிற மிதவையில் ஏறித் தண்ணீரைக் கடந்து போய் வாங்கினோம். 2009இல் பாலம் திறந்த பிறகு ஒரு பின்னேரப் பயணம்தான். எருமைத் தயிர்ச் சட்டியைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள், தயிர் அசையக் கூடாது. மேலே ஆடை இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து சீனி போடாமல் கித்துள் பாணியோடு...

நேரம் முடிந்துவிட்டதாம். வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.