அலை வருவதற்கு முன்பே

வணக்கம், நேயர்களே.

ஒரு கனவைச் சொல்லித் தொடங்குகிறேன். பச்சை வயல்கள், மரங்கள். திடீரென்று கடல் எழுந்து நிற்கிறது. மலை உயரத்துக்கு ஓர் அலை. அது வயலின் மேல் வந்துகொண்டே இருக்கிறது, தடுக்க வழியில்லை. கனவு கண்டவர், ஆழ்நீரிலிருந்து மேலே வந்தவர்போல மூச்சிரைக்க விழித்துக்கொள்கிறார். நினைவு தெரிந்த நாளிலிருந்தே இந்தக் கனவு அவருக்குத் திரும்பத் திரும்ப வந்தது. அவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன், ஆக்ஸ்ஃபோர்டில் மொழிப் பேராசிரியர், மோதிரத்தைப் பற்றிய அந்தப் பெரிய நாவலை எழுதியவர். பின்னாளில் அவருடைய மகன் ஒருவருக்கும் இதே கனவு வந்துகொண்டிருந்தது தெரிந்தது. அப்பாவுக்கு வருவது மகனுக்குத் தெரியாது, மகனுக்கு வருவது அப்பாவுக்குத் தெரியாது.

அந்த அலைக்கு அவர் எழுதிக் கொடுத்த கதைதான் நூமெனோர். நூமெனோர் மக்கள் எப்படி உயர்ந்தார்கள், எப்படி விழுந்தார்கள் என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். கடல்கோள் என்று தனியாக ஒரு சொல்லையே வைத்திருக்கும் மொழி நம்முடையது. அதனால் கடல் ஒரு நாட்டைக் கொண்டுபோவது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் அந்தத் தீவைப் பார்த்துவிடலாம். வானொலியில் வரைபடம் காட்ட முடியாது. உங்கள் கையை விரித்து மேசைமேல் வையுங்கள். ஐந்து விரல்களும் கடலுக்குள் நீளும் ஐந்து நிலமுனைகள். உள்ளங்கையின் நடுவே ஒரு மலை. அவ்வளவுதான், அதுதான் நூமெனோர். ஐந்து முனை நட்சத்திரம்போல ஒரு தீவு. இருள் தெய்வமான மோர்கோத்துக்கு எதிரான போரில், முதுமையும் சாவும் இல்லாத எல்ஃப் இனத்தாரோடு சேர்ந்து நின்ற மனிதர்களுக்குப் பரிசாகக் கடலிலிருந்து உயர்த்திக் கொடுக்கப்பட்ட நிலம் அது. இரண்டாம் யுகத்தின் 32-ஆம் ஆண்டில் அங்கே முதல் அரசர் எல்ரோஸ் செங்கோல் ஏற்றார். அவர் பாதி எல்ஃப். எல்ஃபாக இருப்பதா, மனிதனாக இருப்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. சாவு உள்ள வாழ்க்கையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். 500 ஆண்டுகள் வாழ்ந்தார், அதில் 410 ஆண்டுகள் ஆட்சி.

நடுவில் ஒரு மலை என்றேன் அல்லவா, அதன் பெயர் மெனல்டார்மா. அதன் உச்சியில் கோயில் இல்லை, கூரை இல்லை, பலிபீடம்கூட இல்லை. திறந்த வெளி. அங்கே யாரும் பேசக்கூடாது. ஆண்டில் மூன்று நாள், வசந்தத்திலும் நடுக்கோடையிலும் இலையுதிர் காலக் கடைசியிலும், மக்கள் வெள்ளை உடுத்தி, மாலை சூடி, வாய் திறக்காமல் மலையேறுவார்கள். உச்சியில் அரசர் ஒருவர் மட்டும் பேசுவார், படைத்தவனைப் பார்த்து. அப்புறம் எல்லோரும் அதே அமைதியோடு இறங்கி வருவார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறொரு கட்டடம் வரப்போகிறது.

இவ்வளவும் கொடுத்த மேற்குத் தெய்வங்கள் ஒரே ஒரு தடை போட்டன. மேற்கே, தீவின் கரை கண்ணிலிருந்து மறையும் தூரத்துக்குக் கப்பல் போகக்கூடாது. மேற்கே இருப்பது சாகாதவர்களின் நாடு. கிழக்கே எவ்வளவு தூரமும் போகலாம். காற்று தெளிவாக இருக்கும் நாளில், கூர்ந்த பார்வை உள்ளவர்கள் மலையுச்சியிலிருந்து பார்த்தால், மேற்கே எல்ஃபுகளின் தீவில் ஒரு வெள்ளைக் கோபுரம் தெரியுமாம். தெரியும், ஆனால் போகக்கூடாது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கிருந்து நேரே கடைசி அரசனுக்குத் தாவிவிடுவார்கள். கெட்ட அரசன், கெட்ட மந்திரி, கடல், முடிந்தது. நான் பல வருடங்களாக மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றும் அதையேதான் சொல்லப் போகிறேன். அலை ஒரே நாளில் வந்தது. வீழ்ச்சி இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் நடந்தது. முதன்முதலில் அது தெரிந்தது ஒரு வீட்டுக்குள், ஒரு கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில்.

அந்தக் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அல்டாரியன் ஆறாவது அரசர். இளவரசராக இருந்தபோதே கடல்மீது தீராத ஆசை. அப்பா விண்மீன்களைப் பார்த்துக்கொண்டு கோபுரத்தில் உட்கார்ந்திருப்பவர். மகனுக்கோ கப்பலில்தான் மூச்சு வரும். கப்பலுக்கு மரம் வேண்டும், அதனால் காடுகளை வெட்டினார். வெட்டிய இடத்தில் புதிதாக நட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் மணந்தது எரெண்டிஸ் என்ற பெண்ணை. அவளுக்கும் மரங்கள் என்றால் உயிர். ஆனால் நின்று வளரும் மரங்கள். அரச குலத்தில் பிறந்தவருக்கு ஏறக்குறைய 400 ஆண்டு ஆயுள். எரெண்டிஸ் அந்தக் குலம் இல்லை, அவளுக்கு 200 சொச்சம்தான். நம் கணக்கில் இரண்டுமே பெரிய ஆயுள்தான். ஆனால் ஒரே வீட்டில், ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் இருவரில் ஒருவருக்கு இன்னொருவரைப்போல இரண்டு மடங்கு காலம் இருந்தால் என்ன ஆகும்?

இதுதான் ஆகும். நிச்சயத்துக்கும் திருமணத்துக்கும் நடுவில் மட்டும் 12 ஆண்டுகள் போயின. 870-இல் ஒருவழியாகத் திருமணம். எல்ஃபுகள் ஒரு ஜோடிப் பறவைகளைப் பரிசளித்தார்கள், சாம்பல் நிறம், பொன் அலகு, ஒன்றோடொன்று சேர்ந்து பாடுபவை. பெண் குழந்தை பிறந்தது, அங்கலிமே. குழந்தைக்கு நான்கு வயதானபோது அல்டாரியன் மறுபடி கடலுக்குக் கிளம்பினார். இரண்டே வருடம், வந்துவிடுகிறேன் என்றார்.

ஐந்து வருடம் கழித்து வந்தார்.

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்கு வலிக்கும் இடம். 400 ஆண்டு கையில் இருப்பவருக்கு இரண்டும் ஐந்தும் ஒன்றுபோலத்தான் தெரியும். எரெண்டிஸோ ஒவ்வொரு வருடத்தையும் எண்ணிக்கொண்டிருந்தாள். தன் வாழ்நாளிலிருந்து எடுத்து அவன் கடலில் செலவழிக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு குளிர்நாளில் அந்த ஜோடிப் பறவைகள் மேற்கே பறந்துபோயின. அவள் மகளைக் கூட்டிக்கொண்டு ஆடு மேய்க்கும் உள்நாட்டுக்குப் போய், பெண்கள் மட்டுமே இருக்கும் ஒரு வீட்டில் தங்கிவிட்டாள். கடல் கண்ணில் படாத இடம். கணவர் தேடி வந்தபோது, வழிப்போக்கரை வரவேற்பதுபோல வரவேற்று, தனி அறையில் படுக்கை போட்டுக் கொடுத்தாள். விடிவதற்குள் அவர் கிளம்பிப் போய்விட்டார். ஒருவர், ஒரே ஒருவர், ஒரு வார்த்தை இறங்கிப் பேசியிருக்கலாம். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் இப்போதாவது பேசுங்களேன் என்று எனக்குச் சொல்லத் தோன்றும். அந்தக் கசப்பைப் பார்த்து வளர்ந்த மகள் பின்னாளில் நூமெனோரின் முதல் ஆளும் அரசியானாள். அவளுடைய திருமணமும் கசப்பாகவே போயிற்று.

எரெண்டிஸ் கடைசியில் என்ன செய்தாள் தெரியுமா? கிழவியான பிறகு கணவரைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் அவளுக்கு வந்தது. அவர் கப்பல் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, யாருக்கும் சொல்லாமல் கிழக்குத் துறைமுகத்துக்குப் போனாள். அங்கே நீரில் மூழ்கி இறந்தாள். இரண்டாம் யுகம் 985. அதற்குமேல் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. டோல்கீன் இந்தக் கதையையே முழுதாக முடிக்கவில்லை. அவர் இறந்து ஏழாண்டு கழித்து, 1980-இல்தான் அது அச்சில் வந்தது. அதில் அலை இல்லை, போர் இல்லை. ஆனால் வீழ்ச்சி முழுவதும் அதற்குள் இருக்கிறது. நாளை எண்ணத் தொடங்கிய ஒரு வீடு அது. பிறகு அந்த எண்ணிக்கை நாடு முழுவதும் பரவியது.

எப்படிப் பரவியது? பழைய அரசர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதுமை தளர்த்துவதற்குள் செங்கோலை வாரிசின் கையில் கொடுத்துவிட்டு, தாங்களாகவே கண்ணை மூடிக்கொள்வார்கள். உயிரைப் பிடுங்க யாரும் வர வேண்டியதில்லை, அவர்களே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சாவு மனிதருக்குக் கிடைத்த கொடை என்றே அங்கே சொல்வார்கள். பதின்மூன்றாவது அரசர் அதனமீர் கொடுக்கவில்லை. செங்கோலையும் விடவில்லை, உயிரையும் விடவில்லை. அறிவு மங்கிப் படுக்கையில் கிடந்தபோதும் பிடித்துக்கொண்டே இருந்தார். சாகாதவர்களின் நாட்டுக்கு எங்களை ஏன் விடுவதில்லை என்று அவர் முறையிட்டபோது மேற்கிலிருந்து தூதர்கள் வந்து சொன்ன பதில் எனக்கு மிகப் பிடிக்கும். அந்த நிலம் யாரையும் சாகாதவர் ஆக்குவதில்லை, சாகாதவர்கள் இருப்பதால்தான் அதற்கு அந்தப் பெருமை. நீங்கள் வந்தால் விளக்கில் விழுந்த விட்டில்போல இன்னும் சீக்கிரம் வாடிப்போவீர்கள் என்றார்கள். அவர் காதில் ஏறவில்லை.

அதன் பிறகு கல்லறைகள் பெரிதாகிக்கொண்டே போயின. உடலைக் கெடாமல் வைக்கும் வித்தையில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். உயிரோடு இருப்பவர்களின் வீடுகளைவிடச் செத்தவர்களின் வீடுகள் அழகாக இருந்தன. உதவிக்குப் போன கிழக்குக் கரைகளில் திறை வாங்கத் தொடங்கினார்கள். ஓர் அரசர் எல்ஃப் மொழி பேசுவதற்கே தடை போட்டார். இவ்வளவும் நடந்தபோது, மோர்கோத்தின் அடியாளாக இருந்து பின்னால் இங்கே மந்திரியாகப் போகும் சவ்ரான் தீவில் காலடிகூட வைக்கவில்லை. மறுபடியும் சொல்கிறேன், அலை ஒரே நாளில் வந்தது, வீழ்ச்சி அப்படி வரவில்லை.

நடுவில் பலந்தீர் என்று ஓர் அரசர் மனம் திரும்பினார். பழைய வழிக்குப் போக முயன்றார். அவருடைய ஒரே மகள் மீரியல்தான் அடுத்த அரசி. அவளுடைய சித்தப்பா மகன் ஃபாரஸோன் அவளைக் கட்டாயத் திருமணம் செய்து செங்கோலை எடுத்துக்கொண்டான். கிழக்கே இருந்த சவ்ரானை அடக்க அவன் படையோடு போய் இறங்கியதும் சவ்ரானின் ஆட்கள் ஓடிவிட்டார்கள். சவ்ரான் போரிடாமல் வந்து பணிந்தான். கைதியாகக் கொண்டுவந்தார்கள். மூன்றே வருடத்தில் கைதி அரசனின் அந்தரங்க ஆலோசகன் ஆகிவிட்டான். சாவுக்குப் பயந்தவனுக்கு, சாகாமல் இருக்க வழி சொல்கிறேன் என்றால் போதுமே.

இப்போது அந்தக் கட்டடம். தலைநகரில் வட்டமாக ஒரு கோயில் எழுந்தது. சுவரின் கனம் 50 அடி. அகலம் 500 அடி, உயரமும் 500 அடி, மேலே வெள்ளிக் குவிமாடம். கூரையே இல்லாத மலையுச்சியை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதே தீவில்தான் இதுவும். முதலில் அரண்மனை முற்றத்து வெள்ளை மரத்தை அங்கே எரித்தார்கள். அந்தப் புகை ஏழு நாள் நாட்டை மூடியிருந்தது. அப்புறம் மனிதர்களையே எரித்தார்கள், சாவிலிருந்து விடுதலை கேட்டு. சாவு குறையவில்லை. முன்பைவிடச் சீக்கிரமாக வந்தது. பைத்தியமும் நோயும் சேர்ந்து வந்தன. வெள்ளிக் குவிமாடம் புகையில் கறுத்துப்போனது.

3319-இல் ஃபாரஸோன் பெரும் கப்பற்படையோடு தடையை மீறி மேற்கே போனான். சாகாதவர்களின் கரையைக் கண்டதும் அவனே ஒரு கணம் தயங்கினான், திரும்பிவிட இருந்தான். கர்வம் விடவில்லை, இறங்கினான். கப்பல்கள் கிளம்பிய 39-ஆம் நாள் கடல் எழுந்தது. மீரியல், எல்லாவற்றையும் பறிகொடுத்த அந்த அரசி, மெனல்டார்மாவை நோக்கி ஓடினாள். பேச்சு இல்லாத அந்த உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று. பாதி வழியிலேயே அலை அவளை எடுத்துக்கொண்டது.

பிழைத்தவர்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். அறைக்கு வெளியே இருந்து இன்னும் இரண்டு நிமிடம் என்று கை காட்டுகிறார்கள். சுருக்கிக்கொள்கிறேன். பழைய வழியை விடாதவர்களின் தலைவர் எலெண்டிலும் அவருடைய இரண்டு மகன்களும் ஒன்பது கப்பல்களில் தப்பினார்கள். எரிந்துபோன வெள்ளை மரத்தின் கனியை மூத்த மகன் இசில்டூர் முன்பே, உடம்பெல்லாம் காயத்தோடு, திருடிக் காப்பாற்றி வைத்திருந்தார். அதிலிருந்து முளைத்த கன்றும் கப்பலில் வந்தது. கிழக்கில் புதிய நாடுகள் அமைத்தார்கள். மூழ்கிய தீவைத் தேடிக் கடலோடிகள் மேற்கே போய்க்கொண்டே இருந்தார்கள். ஆனால் உலகம் அதற்குள் உருண்டையாக மாற்றப்பட்டுவிட்டது. போய்க்கொண்டே இருந்தவர்கள் கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே களைத்து வந்து சேர்ந்தார்கள்.

இன்னும் ஒரு காட்சி மட்டும், அந்த மோதிர நாவலிலிருந்து. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அருவிக்குப் பின்னால் ஒரு குகை, போர்க்காலம், ஒளிந்திருக்கும் வீரர்கள். தலைவன் ஃபாரமிர், தப்பியவர்கள் அமைத்த நாட்டைச் சேர்ந்தவன். அந்தப் பெரிய அலைக் கனவைக் கதையில் டோல்கீன் இவனுக்குத்தான் கொடுத்திருக்கிறார். சாப்பாடு பரிமாறியாகிவிட்டது. யாரும் உட்காரவில்லை. எல்லோரும் மேற்கே திரும்பி, ஒரு வார்த்தை பேசாமல் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். விருந்தாளியாக வந்த ஃப்ரோடோவுக்கு, அந்த நாவலின் நாயகனுக்கு, ஒன்றும் புரியவில்லை. இருந்த நூமெனோரைப் பார்க்கிறோம், அதற்கு அப்பால் இருப்பதையும் பார்க்கிறோம் என்று ஃபாரமிர் சொல்கிறான். உங்கள் ஊரில் இப்படி வழக்கம் இல்லையா என்று கேட்கிறான். இல்லை என்கிறான் ஃப்ரோடோ, ஏதோ தான் ஒன்றும் தெரியாத பட்டிக்காட்டான் என்ற கூச்சத்தோடு. விருந்துக்குப் போனால் வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்வோம், சாப்பிட்டு முடித்ததும் எழுந்து நன்றி சொல்வோம் என்கிறான். அதை நாங்களும் செய்வோம் என்கிறான் ஃபாரமிர்.

அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நன்றி, வணக்கம்.