ரசனை ஒன்றானால் ஒருவர் ஆமாம் போட வேண்டுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கணவன் மனைவி அன்னியோன்னியம் வளர்வது சேர்ந்து ரசிப்பதிலா, அவரவர் தனி ரசனையிலா என்பதுதான் இன்றைய வழக்கு. நான் சேர்ந்து ரசிக்கிற கட்சி. எதிரணித் தோழி நல்ல பாயிண்ட் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்: ரசனை ஒன்றானால் ஒருவர் பேச இன்னொருவர் ஆமாம் போடுவதுதான் மிஞ்சுமாம், அதுவும் மனைவிதான் போட வேண்டி வருமாம்.

சரி, காரலின் ஷூமேக்கரைப் பார்ப்போம். அமெரிக்கர். கணவர் யூஜின் நிலவியல் அறிஞர், அரிசோனாவில் இருக்கும் பெரும் பள்ளம் விண்கல் மோதி உண்டானது என்று நிரூபித்தவர். காரலின் படித்ததோ வரலாறு, அரசியல், இலக்கியம். பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போன பிறகு, 51 வயதில்தான் கணவரோடு வானத்தைத் துழாவக் கிளம்பினார். கலிபோர்னியாவில் பாலோமர் மலை வானாய்வகத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, வானத்தின் ஒரே பகுதியைச் சுமார் முக்கால் மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை படமெடுப்பார்கள். அந்த இரண்டு ஃபிலிமையும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் இரு கண்ணாலும் சேர்த்துப் பார்த்தால் நட்சத்திரமெல்லாம் தட்டையாகக் கிடக்கும், அந்த இடைவெளியில் நகர்ந்த பொருள் மட்டும் மேலே மிதக்கும். அதைப் பிடிப்பதில் காரலின் கில்லாடி. 1993 மார்ச்சில், நசுங்கினாற்போல ஒரு வால்நட்சத்திரம் அவர் கண்ணில்தான் பட்டது. நண்பர் டேவிட் லெவியின் பெயரும் சேர்ந்து அது ஷூமேக்கர்-லெவி 9 ஆனது. மறுவருடம் ஜூலையில் அது துண்டு துண்டாக வியாழனில் போய் மோதியதை உலகமே பார்த்தது. மொத்தம் 32 வால்நட்சத்திரங்கள் காரலின் கணக்கில். இதில் யார் யாருக்கு ஆமாம் போட்டது?

பெயர் கடைசியில் கணவருக்குத்தானே போகும் என்பீர்கள். போயிருக்கிறது, நான் மறுக்கவில்லை. 1903இல் பிரெஞ்சு அறிவியல் அகாதமிக்காரர்கள் கதிரியக்க ஆய்வுக்காக நோபலுக்குப் பரிந்துரைத்தபோதும் பெக்கெரல், பியர் கியூரி என்ற இரண்டு விஞ்ஞானிகளின் பெயர்கள்தான் இருந்தன, கூடவே ஆய்வு செய்த பியரின் மனைவி மேரி பெயரைக் காணோம். விஷயம் காதுக்கு வந்ததும், எங்கள் இருவரையும் சேர்த்தே கருத வேண்டும் என்று பியர் எழுதினார். மேரிக்கும் பரிசு வந்தது. ஒழுகுகிற கொட்டகையில் ரேடியத்தைப் பிரிக்க மேரி தாதுவைக் காய்ச்சிக் கிளறியதைக் கூட இருந்து பார்த்தவர் அவர். சாயந்திரம் வந்து "இன்னிக்கு வேலை எப்படி?" என்று மட்டும் கேட்கிற கணவராக இருந்திருந்தால் எதைச் சொல்லி வாதாடியிருப்பார்?

நோபல் வாங்குகிறவர்களை விடுங்கள். மார்கழியில் சென்னையில் ஏதாவது ஒரு சபா கேன்டீனுக்குப் போய்ப் பாருங்கள், முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர்கள் காபி ஆறுவதுகூடத் தெரியாமல், சற்று முன் பாடிய ராகம் பைரவியா மாஞ்சியா என்று மல்லுக்கு நிற்பார்கள். அந்தச் சண்டைக்கு இரண்டு பேரும் ஒரே கச்சேரியில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஐயா! சேர்ந்து ரசிக்காத வீட்டில் சண்டை போட கரண்ட் பில்லும் ஸ்கூல் ஃபீஸும்தான் இருக்கும்.

மணி அடித்துவிட்டார்கள். ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தால் அன்னியோன்னியம் எந்த வழியாக வரும் என்பதை, அடுத்து வருகிற எதிரணி நண்பர் கொஞ்சம் விளக்கிவிட்டுப் போகட்டும்.