பைசா கட்டாத ரம்மிக்கும் ஒரு கணக்கு இருக்கு

[திரையில்: இருட்டு அறை. தலையணைக்குப் பக்கத்துல ஒரு போன். திரை மின்னுது.]

ராத்திரி பதினொன்னே கால். படுத்தாச்சு. போன்ல ஒரு வரி: "உங்க 5,000 இலவச பாயிண்ட்ஸ் காத்திருக்கு. இன்னும் 45 நிமிஷம்தான்." அந்த 5,000-ஐ வெச்சு ஒரு டீ வாங்க முடியாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனாலும் எழுந்து உட்கார்ந்தேன். போனைக் கீழ வெச்சப்ப மணி ஒன்னாகப் போகுது.

அது ஒரு இலவச ரம்மி ஆப். காசு கட்ட வேண்டாம், ஜெயிச்சாலும் காசு வராது. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் ஆன்லைன் கேமிங் சட்டம் கொண்டுவந்துச்சு இல்லையா, அதுல பணம் வெச்சு ஆடற ஆட்டத்துக்குத் தடை. போட்டியா நடத்தற வீடியோ கேமான இ-ஸ்போர்ட்ஸுக்கும், காசு ஜெயிக்காம பொழுதுபோக்கா ஆடற சோஷியல் கேமுக்கும் தடை இல்ல. அதுக்கப்புறம் பல கம்பெனிகள் காசு டேபிளை மூடிட்டு, அதே சீட்டை இலவசமா விரிச்சாங்க. நல்லதுதான். வீட்டை அடமானம் வைக்கிற ஆபத்து இதுல இல்ல. ஆனா காசு வாங்காத ஆட்டமும் நம்மகிட்ட ஒன்னு வாங்குது. நேரம்.

என்னைக் கேட்டா, ஆடறது பிரச்சினையே இல்ல. ஆட்டம் நம்மளக் கூப்பிடற விதம்தான் பிரச்சினை.

2009-ல ஃபேஸ்புக்ல ஃபார்ம்வில் வந்தது ஞாபகம் இருக்கா? ஸ்ட்ராபெர்ரி நட்டா நாலு மணி நேரத்துல அறுவடை. ரொம்ப லேட்டாப் போனா பயிர் வாடிடும். நெசமான வயலுக்குத் தண்ணி பாய்ச்ச எழுந்திருக்காதவங்க எல்லாம் அதுக்கு அலாரம் வெச்சாங்க. 2020 டிசம்பர் 31-ஓட அந்த ஆட்டத்தையே மூடிட்டாங்க. தோட்டம், மாடு, சேர்த்த காயின் எல்லாம் போச்சு. கேண்டி க்ரஷ் அதே வித்தையை வேற மாதிரி செஞ்சது. அஞ்சு லைஃப், ஒன்னு போனா திரும்ப வர அரை மணி நேரம். நிறுத்தச் சொல்ற மாதிரி இருக்கும். உண்மையில அது அடுத்து எப்ப வரணும்னு நமக்குக் குடுக்கற டோக்கன்.

[திரையில்: சுத்தற பரிசுச் சக்கரம். முள் பெரிய பரிசுக்கு ஒரு கட்டம் முன்னாடி நிக்குது.]

இந்தச் சக்கரத்துக்குப் பின்னாடி ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு. ஸ்கின்னர்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், புறாக்களை வெச்சு செஞ்சது. கொத்தினா எப்ப தீனி வரும்னு தெரியாதபடி வெச்சப்ப, அதுங்க விடாமக் கொத்திக்கிட்டே இருந்துச்சு. தினமும் அதே 100 பாயிண்ட்ஸ் வந்தா நமக்கு அலுத்துப்போகும். இன்னைக்கு 50, நாளைக்கு 10,000-னா மனசு அங்கேயே நிக்கும். ஆப் கம்பெனிக்கு என்ன செலவு? பூஜ்யத்தைக் கூட்டி எழுதணும், அவ்வளவுதான். கோலிகுண்டாவது பையில கனக்கும்.

சரி, நான் என்ன செஞ்சேன்?

முதல்ல கூப்பிடற வாயை அடைச்சேன். ஆப் ஐகானை அழுத்திப் பிடிச்சு, ஆப் இன்ஃபோ போய், நோட்டிஃபிகேஷனை மொத்தமா ஆஃப் பண்ணேன். ஆட்டத்துக்குள்ள இருக்கற செட்டிங்ஸ்ல இல்ல, போன் செட்டிங்ஸ்ல.

அடுத்தது, ஏழு நாள் தொடர்ச்சியா வந்தா போனஸ்னு ஒன்னு இருக்கும். ஆறாவது நாள் வேணும்னே போகல. சிரிப்பீங்க, அன்னைக்கு சாயங்காலம் எதையோ தொலைச்ச மாதிரியே இருந்துச்சு. மறுநாள் அந்த நினைப்பே இல்ல.

மூணாவதுதான் கஷ்டம். "விட்டதைப் பிடிச்சிட்டு எழுந்திருக்கறேன்"னு சொல்றோம் பாருங்க, காசு மேசையில குடும்பங்களைக் கவுத்தது அந்த வார்த்தைதான். பாயிண்ட்ஸ்லயும் அதே வார்த்தைதான் வாயில வருது. அதனால இப்ப பாயிண்ட்ஸைப் பார்த்து நிறுத்தறதில்ல, ஆட்டத்தை எண்ணி நிறுத்தறேன். மூணு ஆட்டம். மூணுலயும் தோத்தாலும் மூணுதான்.

ராத்திரிக்கு ஒரு விதியைக் கடன் வாங்கினேன். தமிழ்நாட்டுல 2025 தொடக்கத்துல, காசு கட்டி ஆடற ஆப்களுக்கு ராத்திரி 12-ல இருந்து காலை 5 வரைக்கும் லாகின் கூடாதுன்னு விதி வந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும்னு சொன்னது. இலவச ஆட்டத்துக்குன்னு போட்ட விதி இல்ல அது. நானே எனக்குப் போட்டுக்கிட்டேன், பத்து மணியில இருந்து.

காசு விஷயம் சுருக்கமா. பாயிண்ட்ஸ் தீர்ந்த நிமிஷத்துலதான் "இன்னைக்கு மட்டும் 89 ரூபா"ன்னு வரும். வாங்கினா திரும்பக் காசாகாது. வீட்டுல பசங்க உங்க போனை எடுப்பாங்கன்னா, பிளே ஸ்டோர்ல ஒவ்வொரு பர்ச்சேஸுக்கும் பாஸ்வேர்ட் கேக்கற மாதிரி வைங்க. அப்புறம், வாட்ஸ்அப்புலயோ டெலிகிராம்லயோ ஒருத்தர் "உங்க பாயிண்ட்ஸை நான் காசுக்கு எடுத்துக்கறேன்"னு வந்தா பிளாக் பண்ணுங்க. காசா மாறுற இடத்துல அது சோஷியல் கேம் இல்ல. ஏற்கெனவே ஏமாந்திருந்தா உடனே 1930-க்கு, அதாவது சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க.

நிறைய ஆடற எல்லாருக்கும் வியாதின்னு சொல்லிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல, 2022-ல இருந்து நடைமுறையில இருக்கற பதிப்புல கேமிங் கோளாறுன்னு ஒன்னு இருக்கு. கட்டுப்படுத்த முடியல, மத்த எல்லாத்தையும் ஆட்டம் பின்னாடி தள்ளுது, கெடுதல்னு தெரிஞ்சும் தொடருது, இது பொதுவா ஒரு வருஷமா இருக்குன்னாதான் அந்தப் பேர். உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ அப்படித் தோணுச்சுன்னா 14416, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண். இலவசம், தமிழ்லயே பேசலாம்.

[திரையில்: லூடோ பலகை, நாலு நிறம்.]

எங்க பெரியம்மாவும் ஆன்லைன்ல ஆடறாங்க. 2020 ஊரடங்குல ஆரம்பிச்சது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் அக்கா தங்கச்சி நாலு பேர், திருப்பூர், சென்னை, பெங்களூரு, குவைத்னு நாலு ஊர்ல இருந்து லூடோ. பக்கத்துல இன்னொரு போன்ல ஸ்பீக்கர் போட்டு கான்ஃபரன்ஸ் கால். யாரு வீட்டுல என்ன குழம்புல ஆரம்பிக்கும். நடுவுல யாரோ காயை வெட்டிடுவாங்க, அம்பது வருஷத்துக்கு முன்னாடி தாயம் ஆடினப்ப போட்ட சண்டை வரைக்கும் வெளிய வரும். ஒன்றரை மணி நேரத்துல யாருக்காவது தூக்கம் வந்துடும், ஆட்டம் கலையும்.

போன வாரம் பெரியம்மாகிட்ட, இதுவரைக்கும் எவ்வளவு காயின் சேர்த்திருக்கீங்கன்னு கேட்டேன்.

"அதுல காயின் வேற இருக்காடா?"ன்னாங்க.