ஜோ மல்லன்: தார்த்தரையில் தொடங்கிய ஐந்நூறு கோல்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பிறந்த ஐஸ் ஹாக்கி வீரர்களில், வட அமெரிக்காவின் உச்ச லீக்கான தேசிய ஹாக்கி லீக்கில் முதன்முதலாக 500 கோல் அடித்தவர் யார், எந்த ஊர்க்காரர் என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள்கூடச் சட்டென்று மினசோட்டா என்பார்கள், இல்லையென்றால் பாஸ்டன் என்பார்கள். குளிர்காலத்தில் ஏரியும் குட்டையும் உறைந்துபோகும் பகுதிகள் அவை. நடக்கப் பழகிய கையோடு குழந்தைகள் சறுக்கவும் பழகிவிடுவார்கள். ஆனால் அந்த ஆள் வந்தது நியூயார்க் நகரத்தின் நடுவிலிருந்து, மன்ஹாட்டனின் மேற்குப் பக்கத்தில் ஹெல்ஸ் கிச்சன் என்ற பேட்டையிலிருந்து. துறைமுகத் தொழிலாளர்களும் ஐரிஷ் குடும்பங்களும் அடுக்கடுக்கான பழைய குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். உறைந்த ஏரியெல்லாம் அங்கே கிடையாது. ஜோ மல்லன் 1957-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் தேதி பிறந்தது அந்த நகரத்தில்தான்.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. இருநூறு அடி நீளம், எண்பத்தைந்து அடி அகலமுள்ள பனித்தளம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு கோல்கீப்பரும். பந்துக்குப் பதிலாக பக் என்கிற கெட்டியான ரப்பர் வில்லை. முன்னால் நின்று கோல் அடிக்கவேண்டிய மூவரில் வலதுபக்கம் ஆடுபவர் வலது விங். மல்லன் ஆடியது அந்த இடத்தில். இதற்குமேல் விதிகள் வேண்டாம், தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மல்லனின் அப்பாவுக்கு மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில் வேலை. பனித்தளத்தைப் பராமரிக்கும் குழுவில் இருந்தார். ஆட்ட இடைவேளையில் ஜாம்போனி என்ற வண்டி வந்து தளத்தைச் சீவி, தண்ணீர் விட்டு மெழுகிவிட்டுப் போகுமே, அதை ஓட்டுகிற வேலை. நியூயார்க் ரேஞ்சர்ஸ் வீரர்கள் உடைத்துப்போட்ட மட்டைகள் அப்பா வழியாக வீட்டுக்கு வந்து சேரும். பையன்கள் அவற்றை ஒட்டவைத்துக்கொண்டு, காலில் உருளைச்சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் தார்த்தரையில் இறங்கிவிடுவார்கள். ரப்பர் பக் தாரில் வழுக்காது. அதனால் எலெக்ட்ரிக்கல் டேப் ஒரு சுருளை எடுத்து அதையே பக்காக வைத்து அடித்தார்கள்.

இந்த டேப் சுருள் விஷயத்தைச் சும்மா சுவாரசியத்துக்காகச் சொல்லவில்லை. தாரில் அது ஒழுங்காக ஓடாது. எகிறும், விளிம்பில் நின்று உருளும், திடீரென்று சாய்ந்து படுத்துவிடும். அதை மட்டையில் பிடித்து நிறுத்துவதற்கே தனியாக ஒரு கைப்பழக்கம் வேண்டும். இடமோ சிறியது, சுற்றிலும் சுவர். பனியில் விழுந்தால் சறுக்கிக்கொண்டு போய்விடலாம், தாரில் விழுந்தால் முழங்காலில் தோல் மிஞ்சாது. எனவே இடித்தாலும் விழாமல் நிற்கக் கால்கள் கற்றுக்கொள்கின்றன. பின்னாளில் மல்லன் ஆடிய பழைய ஆட்டங்களைப் பாருங்கள், ஐந்தடி ஒன்பது அங்குல மனிதர், தன்னைவிட ஒரு தலை உயரமான தடுப்பாட்டக்காரர்கள் முதுகில் மட்டையால் குத்தித் தள்ளும்போது கால்களை அகலமாக வைத்துக்கொண்டு நகராமல் நிற்பார். என் கணக்கில் அந்த நிலையும் அந்தக் கையும் தார்த்தரை கொடுத்தவை. பெரிய அகாடமியில் படித்திருந்தால் இன்னும் அழகாகச் சறுக்கியிருப்பார். அவ்வளவு கோல் அடித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

அறுபதுகளின் நடுவில் ரேஞ்சர்ஸ் அணியின் பொது மேலாளராக இருந்தவர் எமில் ஃபிரான்சிஸ். நகரத்துப் பையன்களுக்காக ஒரு இளையோர் லீக் தொடங்க முன்னின்றவர் அவர்தான். அதில் வெஸ்ட்சைடர்ஸ் என்ற அணிக்கு மல்லன் ஆடினார், ஒரே பருவத்தில் நூறு கோலைத் தாண்டினார். ஃபிரான்சிஸ் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பாஸ்டன் கல்லூரி. முதல் ஆண்டு உதவித்தொகை கிடையாது, தானாகப் போய்ச் சேர்ந்து இடம்பிடித்தார். ஆடிக் காட்டிய பிறகுதான் உதவித்தொகை வந்தது. 1978-இல் அந்த அணி தேசியக் கல்லூரி இறுதிப்போட்டிவரை போய்ப் பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. இரண்டு ஆண்டு தொடர்ந்து அகில அமெரிக்கக் கல்லூரி அணியில் மல்லனுக்கு இடம் கிடைத்தது. இத்தனை இருந்தும், தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் நடத்தும் வீரர் தேர்வில் அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. நியூயார்க் பையன், குள்ளம், சறுக்குவதும் சுமார்தான், அவ்வளவுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

1979-இல் இரண்டு வழிகள் முன்னால் வந்தன. ஒன்று, மறு ஆண்டு லேக் பிளாசிடில் நடக்கவிருந்த குளிர்கால ஒலிம்பிக் அணி. அப்போது அமெரிக்க அணி முழுக்கத் தொழில்முறை அல்லாத பையன்கள். இன்னொன்று, செயின்ட் லூயிஸ் புளூஸ் நீட்டிய ஒப்பந்தம். வீட்டில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, குடும்பத்துக்குப் பணம் வேண்டும். மல்லன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். புளூஸ் அணியின் மேலாளர் யார் என்றால், அதே எமில் ஃபிரான்சிஸ். நியூயார்க்கிலிருந்து அங்கே போயிருந்தார்.

பிறகு நடந்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1980 பிப்ரவரி 22 அன்று அந்தக் கல்லூரிப் பையன்கள் சோவியத் யூனியனை 4-3 என்று வீழ்த்தினார்கள். அடுத்த ஆட்டத்தில் ஃபின்லாந்தையும் வென்று தங்கம் வாங்கினார்கள். அணியில் பாதிப்பேர் பெயர் இன்றும் வீட்டுக்கு வீடு தெரியும். மல்லனோ அப்போது சால்ட் லேக் சிட்டியில், கோல்டன் ஈகிள்ஸ் என்ற கீழ்நிலை லீக் அணிக்குப் பேருந்திலும் விமானத்திலும் அலைந்து ஆடிக்கொண்டிருந்தார். இதைச் சோகக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டு நிலைமை தெரிந்த பையன் எடுக்கிற முடிவைத்தான் அவர் எடுத்தார். அதோடு, அந்தத் தங்கப் பதக்க அணியில் தேசிய லீக்கில் நீடித்து நின்றவர்கள் சிலர்தான். கோல் கணக்கில் மல்லனை அவர்களில் ஒருவரும் நெருங்கவில்லை.

சால்ட் லேக்கில் முதல் ஆண்டு சிறந்த புதுமுகம். இரண்டாம் ஆண்டு 59 கோல், லீக்கின் சிறந்த வீரர் விருது. மேலே கூப்பிட்டார்களா? உடனே இல்லை. 1981-82-இல் பாதிப் பருவம் கீழே இருபத்தொரு கோல், மீதிப் பருவம் தேசிய லீக்கில் இருபத்தைந்து கோல். ஒரே பருவத்தில் இரண்டு இடத்திலும் இருபதைத் தொட்டவர் அதுவரை ஒருவருமில்லை. அதன்பிறகு அவரைக் கீழே அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

அவர் கோல் அடித்த விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். தூரத்திலிருந்து இடிபோல் அடிக்கும் ஆள் அல்ல. கோல் வாயிலுக்கு முன்னால் நீலநிறத்தில் ஒரு அரைவட்டம் போட்டிருப்பார்கள், அது கோல்கீப்பரின் எல்லை. அதன் ஓரத்தில் போய் நிற்பார். பின்னாலிருந்து சக வீரர் அடிக்கும் பக்கைப் போகிற போக்கில் மட்டை நுனியால் தொட்டுத் திசை மாற்றுவார். கோல்கீப்பர் தடுத்து எகிறிய பக்கை, அது தரையில் அமர்வதற்குள் உள்ளே தள்ளுவார். எகிறுகிற பொருளை அந்தரத்தில் பிடிக்கிற அந்த வித்தையை நான் ஏற்கெனவே சொன்ன டேப் சுருளோடு சேர்த்துப் பாருங்கள். அந்த இடத்தில் நிற்பவருக்கு முதுகிலும் விலாவிலும் அடி விழும், கணுக்காலில் மட்டை விழும். பெரும்பாலானோர் திரும்பி ஒன்று கொடுப்பார்கள், தண்டனைப் பெட்டியில் இரண்டு நிமிடம் உட்காருவார்கள். மல்லன் திரும்ப அடிப்பதில்லை. 1,062 ஆட்டங்களில் அவருக்குக் கிடைத்த மொத்தத் தண்டனை 241 நிமிடம். சண்டைக்காரர்கள் இதை ஒரே பருவத்தில் எட்டிவிடுவார்கள். திறமையோடு கண்ணியமாக ஆடுபவருக்குத் தரும் லேடி பிங் விருது 1987-இலும் 1989-இலும் அவருக்குக் கிடைத்தது.

1986 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸ் அவரைக் கனடாவின் கால்கரி ஃபிளேம்ஸ் அணிக்கு மாற்றியது. வந்த ஆண்டே அணி, தேசிய லீக்கின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையின் இறுதிவரை போனது, மாண்ட்ரியாலிடம் தோற்றது. மூன்று ஆண்டு கழித்து அதே இரண்டு அணிகள் மறுபடியும் இறுதியில்.

அந்த 1988-89 பருவம் மல்லனுடையது என்று தயங்காமல் சொல்லலாம். 51 கோல், கோலுக்குக் கைகொடுத்த உதவிகள் 59, சேர்த்து 110 புள்ளி. அமெரிக்காவில் பிறந்த ஒருவர் ஒரே பருவத்தில் அதுவரை எடுத்திராத எண்ணிக்கை. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு எண். ஒரு வீரர் தளத்தில் இருக்கும்போது அவர் அணி கோல் போட்டால் கூட்டல் ஒன்று, வாங்கினால் கழித்தல் ஒன்று என்று ஒரு கணக்கு வைப்பார்கள், எதிரணி ஆள் தண்டனைப் பெட்டியில் இருக்கும்போது, அதாவது பவர் பிளேயில், அடிக்கும் கோல்களை விட்டுவிட்டு. அதில் மல்லன் கூட்டல் 51, லீக்கிலேயே முதலிடம். கோல் வாசலில் நின்று பொறுக்குகிறார் என்று யாரும் ஏளனம் செய்ய இந்த எண் இடம் தராது. பின்னால் ஓடிவந்து தடுக்கவும் செய்தால்தான் இது வரும்.

நாக்-அவுட் சுற்றுகளில் 16 கோல் அடித்தார். 1989 மே 25, மாண்ட்ரியால் ஃபோரம் அரங்கம், இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். கால்கரி 4-2 என்று வென்றது. மாண்ட்ரியால் கனேடியன்ஸ் அணியை அவர்களுடைய ஃபோரத்திலேயே வீழ்த்தி, அங்கேயே கோப்பையைத் தூக்கிய வெளியூர் அணி வரலாற்றில் இது ஒன்றுதான். ஃபோரம் 1996-இல் மூடப்பட்டுவிட்டது, இனி இன்னொன்று சேரவும் வழியில்லை.

மறு ஆண்டு 36 கோல் அடித்தார். வயது முப்பத்து மூன்று. கால்கரி என்ன நினைத்ததோ, 1990 ஜூனில் அவரைப் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸுக்குக் கொடுத்து, பதிலுக்கு வீரர் தேர்வின் இரண்டாம் சுற்றில் ஒரே ஒரு இடம் வாங்கிக்கொண்டது. ஐம்பது கோல்காரரைக் கத்தரிக்காய் விலைக்குக் கொடுத்த கதை. பிட்ஸ்பர்க்கில் அப்போது புதிதாகப் பயிற்சியாளராக வந்தவர் பாப் ஜான்சன். கால்கரியில் 1987 வரை மல்லனைப் பழக்கியவரும் அவரே. அவர் மகன் மார்க் ஜான்சன், லேக் பிளாசிடில் சோவியத் அணிக்கு எதிராக இரண்டு கோல் போட்ட பையன்! சின்ன உலகம்தான் அது.

முதல் பருவத்தின் நடுவில் கழுத்து எலும்புத் தட்டு விலகி அறுவைசிகிச்சை. கழுத்தில் கத்தி வைத்த பிறகு கோல் வாசலில் போய் முதுகைக் காட்டி நிற்பது சாதாரண விஷயமில்லை. வசந்தத்தில் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றார். 1991 மே 25, மினசோட்டாவுக்கு எதிரான இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். கால்கரியில் கோப்பை வென்ற அதே தேதி, இரண்டு ஆண்டு இடைவெளி. பிட்ஸ்பர்க் 8-0 என்று வென்றது, எட்டில் இரண்டு மல்லனுடையவை. மாரியோ லெமியூ என்ற மேதை இருந்த அணி அது, புகழெல்லாம் அவருக்குத்தான் போனது, அதில் தவறும் இல்லை.

பாப் ஜான்சன் அந்த நவம்பரிலேயே மூளைப் புற்றுநோயால் காலமானார். அடுத்த மாதம் மல்லன் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் நான்கு நான்கு கோல் அடித்தார். பருவ முடிவில் 42. ரேஞ்சர்ஸுக்கு எதிரான நாக்-அவுட் சுற்றில் முழங்கால் போய்விட்டது. 1992-இல் அணி மறுபடி கோப்பை வென்றபோது அவர் ஆடும் நிலையில் இல்லை. கோப்பையில் பெயர் மட்டும் மூன்றாம் முறையாக ஏறியது.

1995 பிப்ரவரி 7 அன்று, ஃபுளோரிடாவுக்கு எதிராக ஆயிரமாவது புள்ளி. அமெரிக்காவில் பிறந்தவர்களில் முதல் ஆள். பிறகு பாஸ்டனில் ஒரு பருவம், காயங்களால் வீணாய்ப் போனது. 495 கோலோடு பிட்ஸ்பர்க்குக்கே திரும்பி வந்தார். நாற்பது வயதில், 1997 மார்ச் 14 அன்று, கொலராடோவுக்கு எதிராக ஐந்நூறாவது கோல். இங்கே ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவுக்காக ஆடிய பிரெட் ஹல் சில மாதங்களுக்கு முன்பே, 1996 டிசம்பரில் ஐந்நூறைத் தொட்டிருந்தார். ஆனால் ஹல் பிறந்தது கனடாவில். அதனால்தான் ‘அமெரிக்காவில் பிறந்த’ என்ற சொற்களை நான் விடாமல் சொல்லிவருகிறேன். மல்லன் அந்தப் பருவத்தோடு நிறுத்திக்கொண்டார். 502 கோல், 561 உதவி, 1,063 புள்ளி. ஆட்டத்துக்கு ஒரு புள்ளி என்ற கணக்குக்கும் மேலே ஒரே ஒரு புள்ளி.

சொந்த ஊர் ரேஞ்சர்ஸ் அணிக்கு அவர் ஒருநாளும் ஆடவில்லை. அந்த அணியின் மட்டைகளைத் தூக்கித் திரிந்த பையனாக இருந்த தம்பி பிரையன் மல்லன், பின்னர் அதே சட்டையைப் போட்டு நான்கு பருவம் ஆடினார். அப்பா மெழுகிய தளத்தில் மகன் ஆடிய பெருமை அந்த வீட்டுக்குத் தம்பி வழியாக வந்து சேர்ந்தது.

2000-ஆம் ஆண்டு ஜோ மல்லனை ஹாக்கி புகழ் மன்றத்தில் சேர்த்தார்கள். பிறகு பிட்ஸ்பர்க்கிலும் பிலடெல்பியாவிலும் உதவிப் பயிற்சியாளர். அவருடைய 502 என்ற கணக்கை 2007 மார்ச்சில் டாலஸ் அணியின் மைக் மொடானோ தாண்டினார். மிச்சிகன்காரரான மொடானோ, 1988 வீரர் தேர்வில் முதல் பெயராக அழைக்கப்பட்டவர்.

நன்றி நேயர்களே, வணக்கம்.