பத்து இலக்கத்துக்குள் ஒளிந்திருந்த 641

நேயர்களுக்கு வணக்கம். கையருகே பேனாவும் தாளும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. எழுதிவிட்டீர்களா? 4294967297.

இது எங்கிருந்து வந்தது? 2-இல் தொடங்குங்கள். அதை அதனாலேயே பெருக்கினால் 4. நாலை நாலால் பெருக்கினால் 16. இப்படியே 256, 65536 என்று போனால், அடுத்த படியில் நம் எண்ணுக்கு ஒன்று குறைவாக வந்து நிற்கும். இப்போது ஒவ்வொரு படியிலும் 1 கூட்டிப் பாருங்கள். 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள், அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை. ஆறாவதுதான் நம் எண்.

1640 வாக்கில் பிரான்சில் ஃபெர்மா என்ற கணித மேதை, இந்த வரிசை முழுக்கப் பகா எண்கள்தான் என்று நம்பினார். நிரூபணம் கைவசம் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்து தடவை பலித்தது ஆறாவது தடவை பொய்க்கும் என்று யாருக்குத் தோன்றும்?

பொய்த்தது. 1732-இல் ஆய்லர் என்ற கணித அறிஞர் அந்த எண்ணை உடைத்துக் காட்டினார்: 641 பெருக்கல் 6700417. பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். 641 எவ்வளவு சின்ன எண்! கிட்டத்தட்ட 90 வருடம் அது யார் கண்ணிலும் படவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அதைத் தேடிப் பிடிக்கும் வழி இன்னும் அழகு. கண்ணை மூடிக்கொண்டு தேடினால், நம் எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 65536-க்குள் இருக்கும் 6542 பகா எண்களையும் வகுத்துப் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும். ஆனால் ஆய்லரே பின்னாளில் நிறுவிய ஒரு விதி உண்டு. இந்த எண்ணின் காரணி எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும். அப்படியானால் 65, 129, 193, 257 என்று 64 64-ஆகத் தாவினால் போதும். பகா எண் அல்லாதவற்றைத் தள்ளிவிடுங்கள். 257 நம் வரிசையிலேயே இருப்பது. இந்த வரிசையில் எந்த இரண்டு எண்களுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது, எனவே அதுவும் வேண்டாம். மிஞ்சுவது 193, 449, 577, அப்புறம் 641. நாலே நாலு வகுத்தல்!

65537-க்கு அப்புறம் இந்த வரிசையில் இதுவரை ஒரு பகா எண்கூட அகப்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம்: 65536-இன் வர்க்கமும் 1-இன் வர்க்கமும். ஒரு பகா எண்ணை இப்படி எழுத முடிந்தால், ஒரே வழியில்தான் முடியும். இதற்கோ இரண்டாவது வழியும் இருக்கிறது: 62264-இன் வர்க்கமும் 20449-இன் வர்க்கமும். குட்டு அங்கேயே உடைந்துவிடுகிறது.

அந்த இரண்டு வழிகளும் காரணிகளிலிருந்தே பிறப்பவை. 641 என்பது 25, 4 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் வருவது. 6700417 என்பது 2556, 409 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் வருவது. இப்போது குறுக்கே பெருக்குங்கள். 25-ஐ 409-ஆல் பெருக்கினால் 10225. 4-ஐ 2556-ஆல் பெருக்கினால் 10224. வித்தியாசம் 1. கடைசியில் நாம் கூட்டினோமே, அந்த 1 இதுதான்.

வணக்கம்.