பீமனின் தெம்புக்கு என்ன எண்?

நேயர்களுக்கு வணக்கம். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு நாயகனாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு ஒன்று உண்டு. ரோல்பிளேயிங் கேம் என்பார்கள். 1974-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அதற்கு முன்னோடி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் இருக்கும். நாயகனின் வலிமை, தாங்குதிறன், அறிவு எல்லாம் அதில் எண்களாக இருக்கும். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் பிள்ளைகள் கூடி இதை ஆடுகிறார்கள். நம் புராண வீரர்களையும் தாளில் ஏற்ற வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. எல்லோரும் முதலில் கேட்பது, "பீமனுக்கு வலிமை எவ்வளவு சார்?"

அதற்கு விடை சொல்லிவிடலாம். அவனுக்கு எப்போது களைக்கும் என்பதுதான் கடினமான கேள்வி.

முதலில் வலிமை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் வலிமை எண் ஒன்றுக்கு 30 பவுண்டு, அதாவது சுமார் 13.6 கிலோ தூக்கலாம். சாதாரண ஆளுக்கு 10 என்றால் 136 கிலோ. பீமனுக்குப் பத்தாயிரம் யானை பலம் என்கிறது பாரதம். ஒரு யானை 800 கிலோ தூக்கும் என்று வைத்துக்கொண்டால், பீமனின் எண் ஆறு லட்சத்தை நெருங்கும். இருபது முகப் பகடையை அதன் பக்கத்தில் உருட்டி என்ன பயன்? 1981-இல் வந்த சாம்பியன்ஸ் என்ற விளையாட்டு வேறு வழி பிடித்தது. அதில் 10 என்றால் 100 கிலோ. எண் ஐந்து கூடும்போதெல்லாம் எடை இரட்டிப்பாகும். யானைக்கு 25. பத்தாயிரம் யானை என்பது பதின்மூன்று முறைக்குச் சற்று மேல் இரட்டித்தது. ஆக, பீமனுக்கு 91. பகடைக்கும் வேலை இருக்கிறது, பீமனும் பீமனாகவே இருக்கிறான். இந்த இரட்டிப்பு முறைதான் சரி என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, களைப்புக்கு வருவோம். லீ பஜாரில் 90 கிலோ ஜவ்வரிசி மூட்டையை முதுகில் ஏற்றிக்கொள்ளும் தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுவது சில நொடி வேலை. அதே மூட்டையோடு அவர் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காடு போக வேண்டும் என்றால்? ஏற்றம் சுமார் 1100 மீட்டர். அவர் எடை 70 கிலோ என்றால், மூட்டையோடு சேர்த்து ஏறத்தாழ 17 லட்சம் ஜூல் வேலை. உழைத்துப் பழகிய உடம்பு தொடர்ந்து 100 வாட் தருகிறது என்று கொண்டால், ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறையும். ஆளும் மூட்டையும் அதேதான்; ஆனால் தூக்கியதை வைத்து ஏறுவதைச் சொல்லிவிட முடியாது.

சாம்பியன்ஸ் இதைப் புரிந்துகொண்ட விளையாட்டு. அதன் பிந்தைய பதிப்புகளில் சாதாரண மனிதருக்குத் தாங்குதிறன் 20. ஒவ்வொரு முறை பலத்தைக் காட்டும்போதும், வலிமையில் பத்துக்கு ஒன்று வீதம் அது கரையும். வலிமையை 91 ஆக்கிவிட்டு மற்றதை மறந்தால், பீமன் முழு பலத்தோடு இரண்டு அடி அடிப்பான். மூன்றாவதுக்கு மூச்சு வாங்கும்.

ஜராசந்த வதத்தைப் பாருங்கள். கார்த்திகை மாதப் பிரதமையில் தொடங்கி, இரவு பகலாக, சாப்பாடு இல்லாமல் இருவரும் மல்லுக்கு நிற்கிறார்கள். சதுர்த்தசி இரவில் ஜராசந்தன் களைத்து ஓய்கிறான். களைத்த பகைவனை நெருக்கினால் உயிரே போய்விடும் என்று கண்ணன் சொல்ல, பீமனுக்குக் குறிப்பு புரிகிறது. பலத்தில் இருவரும் ஏறக்குறைய சமம். முதலில் களைத்தவன் விழுந்தான். அந்தச் சண்டையைத் தாளில் கொண்டுவர வலிமை எண் போதவே போதாது.

பன்னிரண்டு நொடிக்கு ஒரு சுற்று என்று ஓடும் சாம்பியன்ஸ் கணக்கில் பதினான்கு நாள் என்பது ஒரு லட்சம் சுற்று. யாரும் உட்கார்ந்து ஆட முடியாது. அதனால் எங்கள் மேஜையில் இரண்டு எண்கள் வைத்திருக்கிறோம். சண்டைக்குள் கரைந்து, நின்றால் திரும்புவது மூச்சு. நாள்கணக்கில் கரைவது தெம்பு: சோறும் தூக்கமும் இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று குறையும், சாப்பிட்டுத் தூங்கினால்தான் ஏறும். சாதாரண ஆளுக்கு 3 தருகிறோம். ஜராசந்தனுக்கு 14, பீமனுக்கு 16. பகாசுரனுக்குப் போன வண்டிச் சோற்றைத் தானே தின்றுவிட்டு பீமன் சண்டைக்கு எழுந்தானே, அதுவும் இந்தக் கணக்கில் அழகாகப் பொருந்துகிறது.

கடைசியாக நம் பக்கத்து மலைக்காரன், கொல்லிமலை ஆண்ட வல்வில் ஓரி. அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று துளைத்துப் போய் உடும்பில் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். வில்லை வளைத்த வலிமைக்கு அதிலிருந்து ஓர் எண் எடுக்கலாம். ஆனால் அப்படி ஒரு நாளில் எத்தனை அம்பு விடுவான் என்று அந்தப் பாட்டு சொல்லவில்லை. அதனால் ஓரியின் தாளில் தெம்பை நிரப்பாமல் வைத்திருக்கிறோம். அவன் தாங்குதிறனைக் காட்டும் வேறு சங்கப் பாட்டு ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால், நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.