மாக்ஸ் கெம்ப்பர் போட்ட படமும் அதைப் பூட்டி வைத்த எஸ்டேட்காரர்களும்

எல்லாருக்கும் வணக்கம். நேரம் கம்மி என்று சொல்லித்தான் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். 1908-ல் ஒரு ஜெர்மன் இளைஞர் அமெரிக்காவில் ஒரு குகையை அளந்து படம் போட்டார். படம் பிரமாதமாக வந்தது. அதுதான் வினை: போடச் சொன்னவர்களே அதை யார் கண்ணிலும் படாமல் பூட்டி வைத்துவிட்டார்கள்.

அவர் மாக்ஸ் கெம்ப்பர். 1885-ல் பிறந்தவர், இன்ஜினியர். குகை, கென்டக்கியில் இருக்கிற மாமத் குகை. குகையும் அதன் மேலே இருந்த நிலமும் சேர்ந்த எஸ்டேட்டை நிர்வகித்த ஆல்பர்ட் ஜேனின் கேட்டுக்கொண்டதால் வேலை தொடங்கியது. சுமார் எட்டு மாதத்தில் 35 மைல் அளந்து முடித்தார். கூடவே போனவர் எட் பிஷப் என்ற கறுப்பின வழிகாட்டி. இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். இவர் உறவினர் ஸ்டீபன் பிஷப் அடிமையாக இருந்தபோதே 1842-ல் அதே குகைக்கு ஞாபகத்திலிருந்து படம் வரைந்தவர். எல்லாரும் கெம்ப்பரையே புகழ்கிறோம், சரி. ஆனால் எந்தப் பொந்து எங்கே போகும் என்று தெரிந்தவர் துணையில்லாமல் எட்டு மாதத்தில் 35 மைல் அளப்பது நடக்கிற காரியமில்லை என்பது என் கட்சி.

குகையை அளப்பது எப்படி என்றால், ஒரு இடத்தில் நின்று அடுத்த இடத்துக்குக் காம்பஸில் திசை பார்த்து, தூரம் எடுத்து, நோட்டில் குறித்து, அங்கே போய் நின்று மறுபடி முதலிலிருந்து. ஒரு டிகிரி பிசகினால் நூறு மீட்டரில் ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளிப்போய்விடும், அந்தப் பிசகையும் தூக்கிக்கொண்டுதான் அடுத்த அளவுக்குப் போகவேண்டும், மேலே பார்த்துச் சரிசெய்ய சூரியனும் கிடையாது. மாமத் குகையில் பாதைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காக வேறு ஓடுகின்றன. அப்படியும் பின்னாளில் அளந்தவர்கள் கெம்ப்பர் படத்தின் துல்லியத்தைப் பார்த்து அசந்துபோனார்கள்.

அல்டிமா தூலி, அதாவது லத்தீனில் 'கடைக்கோடி', என்று ஓர் இடம். பெரிய பாதை அங்கே இடிந்த பாறைக் குவியலில் முட்டி நின்றது. அத்தோடு குகை முடிந்தது என்றே பெயர் வைத்திருந்தார்கள். இவர்கள் இருவரும் பாறை இடுக்கு வழியாக அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே கிடைத்த பெரிய மண்டபத்துக்கு வயலட் சிட்டி என்று பெயர், ஜேனினின் மனைவி வயலட்டின் பெயரால். (முதலாளியம்மா பெயரை வைப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான்!)

அப்புறம் ஏன் மறைத்தார்கள்? குகை வாசல் எஸ்டேட் நிலத்தில் இருந்தது, ஆனால் உள்ளே போன பாதைகள் வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்தவன் காட்டுக்கு அடியிலும் போயின. அது வெளியே தெரிந்தால் அந்த நிலத்துக்காரன் சும்மா இருப்பானா? பயம் வீண் இல்லை. 1921-ல் ஜார்ஜ் மாரிசன் என்பவர் எஸ்டேட்டுக்கு வெளியே பூமியைத் துளைத்து, புது வாசல் திறந்து, சொந்தமாக டிக்கெட் போட ஆரம்பித்துவிட்டார். பக்கத்திலேயே இருக்கும் கிரேட் ஆனிக்ஸ் குகையில், என் நிலத்துக்கு அடியிலும் குகை போகிறது என்று பக்கத்து நிலத்துக்காரர் வழக்குப் போட, உள்ளே போய் அளந்து பாருங்கள் என்ற உத்தரவை 1929-ல் கென்டக்கி மேல்முறையீட்டு நீதிமன்றமும் சரி என்றது. குகை சொந்தக்காரர் எதற்குப் பயந்தார் பாருங்கள்: ஒரு அளவுக்கும் ஒரு படத்துக்கும்!

இதையெல்லாம் பார்க்க கெம்ப்பர் இல்லை. ஜெர்மனிக்குத் திரும்பினார், முதல் உலகப்போருக்குப் போனார், 1916-ல் பிரான்ஸில் சோம் போர்க்களத்தில் செத்துப்போனார். வயது 31. அவர் என்ன ஆனார் என்பதே அமெரிக்கக் குகைக்காரர்களுக்குப் பல வருஷம் தெரியாது. மாமத் குகையில் இதுவரை அளந்தது 420 மைலைத் தாண்டிவிட்டது, இன்னும் அளந்துகொண்டேதான் இருக்கிறார்கள், பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். இப்போது அது தேசியப் பூங்கா, அதனால் படத்தை ஒளிக்கவேண்டிய அவசியம் இல்லை.